உப்பில் பிசிறிய ஆப்பிள்

மரம் வெட்டும் ஆள் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் தாரிணி தன் புருஷன் கதிரைத் தோற்கடித்தாக வேண்டும்.

கடல் கடந்து வந்து மவுண்ட் ஆல்பர்ட்டில் அவர்கள் வாங்கிய பழைய மரவீட்டோடு சேர்ந்து வந்தது அந்த ஆப்பிள் மரம். மார்ச் பிறந்தால் காய்த்துக் கொட்டும். கடித்தால் பல் கூசும். விழுந்ததில் பாதியை எலி தின்றது, மீதி அழுகியது, கதிர் அள்ளிக் கொட்டினான். வெட்டிவிட்டால் கார் நிறுத்த இடம் கிடைக்கும் என்றான் அவன். இந்தப் புளிப்பு அடுப்புக்கென்றே பிறந்தது, கடை ஆப்பிள் கிட்டே வராது என்றாள் அவள். பேச்செல்லாம் சரிதான். மாவுக்குள் பழத்தை வைத்து அவள் சுட்ட இரண்டு ஆப்பிள் பையும் அடிப்பக்கம் ஊறிக் களியாகிப் போயிருந்தன. கதிர் கரண்டியால் அள்ளிக் காட்டிச் சிரித்தான்.

"ஆள் வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணு. 'இன்னொண்ணு குடு'ன்னு என் வாயால கேட்டுட்டேன்னா மரம் நிக்கட்டும்" என்றான்.

"கேப்ப" என்றாள்.

சனிக்கிழமை காலை ஒரு பேசின் நிறையப் பழம் பறித்துத் தோல் சீவி நறுக்கினாள். பார்த்தால் சர்க்கரை டப்பா காலி. "கருத்துப் போகாம எதையாவது போட்டு வை" என்று கதிரிடம் சொல்லிவிட்டு இங்கே டெய்ரி என்று சொல்லும் முனைக்கடைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது பேசின் மஞ்சள் மஞ்சேள் என்றிருந்தது.

"என்னடா இது?"

"உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசிறி வச்சேன். எங்க வீட்ல மாங்காய்க்கு அப்படித்தான்."

"இது மாங்காயா?"

"புளிக்குதுல்ல?"

வேண்டுமென்று செய்தானோ என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. பாராட்டுக்குக் காத்திருக்கும் முகம்.

கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். கத்துவதற்குப் பதிலாக ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். உப்பும் புளிப்புமாக நன்றாகத்தான் இருந்தது. பேசினைச் சாய்த்தாள். அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் தேங்கியிருந்தது. இரண்டு பையையும் கெடுத்த தண்ணீர். உப்பு அதை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறது.

வாங்கி வந்த சர்க்கரையைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தாள். துண்டுகளைக் கைப்பிடி கைப்பிடியாகப் பிழிந்தாள். கடுகு தாளித்து, பெருங்காயம், மிளகாய்த்தூள், கொஞ்சம் வெல்லம் போட்டு, பழம் குழையுமுன் இறக்கி ஆறவைத்தாள். முட்டை பஃப்ஸுக்கென்று ஃப்ரீசரில் கிடந்த மாவுத் தாள்களை வெளியே எடுத்தாள்.

"பையா?" என்றான் கதிர்.

"பஃப்ஸ். ஊர்ல பேக்கரி வாசல்ல நின்னு திம்பியே, அது."

"ஆப்பிள்லயா? உனக்கு முத்திடுச்சு."

அவன் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை; பழத்தை மாவுத் தாள்களில் வைத்து மடித்து ஓவனில் தள்ளினாள். சூடான பஃப்ஸ் ஓவனிலிருந்து வெளியே வந்தபோது அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தாள். காய்ந்த சத்தம் கேட்டது. அதே நேரம் வாசலில் லாரியும் வந்து நின்றது.

கதிர் ஒன்றை எடுத்தான். பொடிப்பொடியாகச் சட்டையில் கொட்டியது. வாயைத் திறந்து ஆவி விட்டான். முடித்துவிட்டுத் தட்டுப் பக்கம் கை நீட்டினான். தாரிணி தட்டை நகர்த்தினாள்.

"கேளு."

"எடுத்துக்கறேன், அதுக்கென்ன?"

"எடுக்கறது கணக்குல வராது. வாயால கேக்கணும்."

"சின்னப் பிள்ளையா நீ?"

வெளியே மோட்டார் ரம்பத்தை உறுமவிட்டுப் பார்த்தார் அந்த ஆள். தாரிணி தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவசரப்படவில்லை. அவள் சுட்டதன்மேல் அவளுக்குச் சந்தேகமில்லை.

கதிர் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான்.

"உப்பு போட்டது நான்" என்றான்.

"ஆமா. கேளு."

"இன்னொண்ணு குடு."

கொடுத்தாள். தட்டில் மிச்சமிருந்ததோடு வெளியே போய், மரம் வெட்ட வேண்டாம் என்று அந்த ஆளிடம் சொன்னாள். அவர் ரம்பத்தை அணைத்துவிட்டு இரண்டு பஃப்ஸ் தின்றார். இங்கே குளிர்காலமான ஜூலையில் கூப்பிட்டால் கிளையை மட்டும் கழித்துத் தருவதாகச் சொன்னார். கதிரின் கார் தெருவிலேயே நின்றது.