உயிரோடு இருக்கிறேன், முப்பது நாட்களுக்கு

1.

இந்தக் கதை, துண்டிக்க மறந்த ஒரு போன் அழைப்பிலிருந்து வந்தது. மறந்தது ஞானபாக்கியம் அக்கா. துண்டிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது நான். பதினோரு நிமிடம். முதலிலேயே சொல்லிவிட்டால் என்னை நேர்மையானவள் என்று நினைப்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்கிறேன்.

ஞானபாக்கியம் என் பெரியப்பா மகள். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி செக்கிங் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா எனக்கு எழுதிவைத்த வீட்டில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறாள். நான் இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறேன். அந்த வீட்டை என் சார்பில் விற்க அவள் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மேலே உள்ள பத்தியை எழுதி முடித்து வாசித்தபோதுதான், அவள் இருக்கும் வீட்டை அவளையே விற்கச் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு ஒரே இடத்தில் தெரிந்தது. பவர் எழுதியபோது தெரியவில்லை. இது உண்மையா என்று கேட்டால், பாதி.

2.

மூன்று தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

"பவர் கைக்கு வந்த அன்றே ஞானபாக்கியத்தின் நடை மாறிவிட்டது." [அடித்துவிட்டேன். பவர் பற்றிய கதை என்றால் ஏஜென்ட் ஏமாற்ற வேண்டும் என்று கை தானாக எழுதிவிட்டது. அவள் நடை மாறவில்லை. முழங்கால் வலியோடு அதே நடைதான்.]

"கடல் கடந்து வாழ்ந்தாலும் அவள் மனம் ஊரையே" [அந்த அவள் நான். வீட்டு வரி ரசீது வரும்போதுதான் எனக்கு ஊர் ஞாபகம் வரும். வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டேன்.]

"வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை." இது வீட்டை விற்க நான் சொன்ன காரணம். சொன்னது ஞானபாக்கியத்திடம். அவள், "அதுஞ் சரிதான். ஆளில்லாத வீட்ட வச்சு என்ன செய்ய" என்றாள். இதை நான் புனையவில்லை. இந்த அளவுக்கு எனக்கு வராது.

3.

வாங்குபவர் காசிராஜன், ஜவுளிக்கடைக்காரர். விலை பேசி முடிந்தபின் அக்கா போன் செய்தாள்.

"ஏட்டி, நீ உசுரோட இருக்கேன்னு ஒரு பேப்பர் வேணுமாம்."

"உன்கிட்ட பேசிக்கிட்டுத்தானக்கா இருக்கேன்."

"எனக்குத் தெரியுது. ஆபீஸ்காரவியளுக்குத் தெரியணும்லா. நான் சொன்னா எடுத்துக்கிட மாட்டாவ."*

(* பவர் கொடுத்தவர் இறந்துபோனால் பவரும் செத்துவிடும். அதனால் ஏஜென்ட் கிரயம் செய்யும்போது, கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கு முப்பது நாளுக்குள் வாங்கிய சான்று வேண்டும். முப்பத்தொன்றாம் நாள் நான் சந்தேகத்துக்குரியவள்.)

லெஸ்டரில் நோட்டரி ஒருவர் என் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். பாஸ்போர்ட் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, உயிரோடு இருக்கிறேன் என்று முத்திரை வைத்தார். வெளியே வந்து ஒரு காபி குடித்தேன். வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

4.

கூரியர் வந்த அன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரம் எழுதும் சோலைராஜ் கடையிலிருந்து, "தாளு வந்துட்டு" என்று சொல்ல அக்கா கூப்பிட்டாள். சொல்லிவிட்டு, துண்டிக்காமலே போனைப் பையில் போட்டுவிட்டாள். சோலைராஜ் கிரயப் பத்திர நகலை வாசித்துக்கொண்டிருந்தார்.

"மேற்படி வீட்டில் குடியிருப்போர் எவரும் இல்லை, காலியாக ஒப்படைக்கிறேன்னு வருதுக்கா. அதுக்குக் கீழ உங்க கையெழுத்து."

"நான் இருக்கேனே, தம்பி."

"எங்க?"

"அந்த வீட்டுலதான். பன்னெண்டு வருசமா."

"வாடகைக்கா?"

"இல்ல. தங்கச்சி வீடு."

"அப்பம் அது குடியிருக்கிறதுல சேராதுக்கா. நீங்க ஏஜென்ட்டு. ஏஜென்ட்டுனா ஓனருக்குப் பதிலா. ஓனரு எங்க இருக்காவ?"

"லண்டன்ல." (ஊரில் யாருக்கும் நான் லெஸ்டரில் இல்லை.)

"கையெழுத்து போடுத நேரம் மட்டும் நீங்களும் லண்டன்லதான் இருக்கிய."

யாரோ சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். "அங்க ரொம்பக் குளிராம்லா" என்றாள்.

பிறகு தாள் புரளும் சத்தம்.

"இத வீட்டுல வச்சு ஒருக்கா வாசிச்சிட்டு வாரேன்."

"வாசிக்க என்னக்கா இருக்கு? எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது."

"கண்ணாடி கொண்டாரல, தம்பி."

கண்ணாடி அவள் மூக்கின் மேல்தான் இருந்தது. [இது என் ஊகம். போனில் கண்ணாடி கேட்காது. ஆனால் துணியில் ஒரு இழை தப்பினால் பிடிக்கிற வேலைக்காரி அதை விட்டுவிட்டு வெளியே போக மாட்டாள்.]

5.

மறுநாள் அக்கா சொன்னாள், ஈஸ்டர் வரைக்கும் லெந்து நாளாம், தவக்காலம், லெந்தில் பத்திரம் முடிக்கக் கூடாதாம்.

போன லெந்தில் அவள் வாஷிங் மெஷின் வாங்கினாள். படம் அனுப்பியிருந்தாள். என் சான்றின் முப்பது நாளும் லெந்துக்குள் அடங்கிவிடுகின்றன. இதை நான் எண்ணிப் பார்த்தேன். அவள் எனக்கு முன்பே எண்ணியிருப்பாள்.

இங்கே ஒரு கதாசிரியை பாத்திரத்தின் மனதுக்குள் போக வேண்டும். போனேன்.

ஞானபாக்கியம் நினைத்தாள்: பன்னிரண்டு வருடம் கூட்டிப் பெருக்கிய வீடு
ஞானபாக்கியம் நினைத்தாள்: இவள் ஒரு வார்த்தை
ஞானபாக்கியம் நினைத்தாள்:

மூன்றாவது தடவைதான் ஓரளவு சரியாக வந்தது. முதல் இரண்டும் நான் அவள் இடத்தில் இருந்தால் நினைப்பவை. என் இடத்தில் அவள் கையெழுத்துப் போடலாம், அதற்குப் பத்திரம் இருக்கிறது. அவள் இடத்தில் நான் நினைப்பதற்கு அவள் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

6.

முடிவுகள்.

அ) அவள் கையெழுத்துப் போடுகிறாள். இராஜபாளையத்தில் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொள்கிறாள். நான் ஒரு குக்கர் வாங்கி அனுப்புகிறேன். பஸ் அலைச்சல் மிச்சம் என்று இருவரும் சொல்லிக்கொள்கிறோம்.

ஆ) அவள் போடவில்லை. சான்று காலாவதியாகிறது. புதியது அனுப்புகிறேன், அதற்கும் ஒரு காரணம் வருகிறது. காசிராஜன் வேறு வீடு பார்த்துவிடுகிறார். நாங்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இ) விற்க வேண்டாம், நீ இரு என்று நான் சொல்கிறேன். [இதை எழுதியபோது எனக்கு என்னைப் பிடித்திருந்தது. அதனாலேயே நம்பவில்லை. ஆனாலும் அடிக்கவில்லை.]

7.

நேற்று அவளே கூப்பிட்டாள்.

"உன் தாளு செவ்வாக்கிழமையோட முடியுது."

"தெரியும்க்கா."

"லெந்துன்னு சொன்னம்லா. நீ சொன்னா லெந்தாவது ஒண்ணாவது, திங்கக்கிழமையே போயி போட்டுட்டு வாரேன்."

"நீ எங்க போவ?"

"இத கேக்க உனக்கு இம்புட்டு நாளாச்சு." குரலில் கோபமில்லை. பஸ் தாமதம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். "அத நான் பாத்துக்கிடுதேன். விக்கவா, வேண்டாமா? அத மட்டும் உன் வாயால சொல்லு. ஏஜென்ட்டா கேக்கேன்."

"பத்திரத்துல எழுதியிருக்கேக்கா" என்றேன்.

"பத்திரத்த நானும் வாசிச்சிட்டேன். உன்னையத்தான் கேக்கேன்."

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு மத்தியானம் சாப்பிடுத நேரம் போன கையில வச்சிருப்பேன்."

நாளைக்கு என்றது இன்று. சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து இந்தக் கதையோடு உட்கார்ந்திருக்கிறேன். தொடக்கம் மூன்று, முடிவு மூன்று, ஒரு அடிக்குறிப்பு எழுதிவிட்டேன்.

முடிவை இங்கே எழுதிவிட்டால் அவளிடம் சொல்லிவிட்டதுபோல எனக்கு ஆகிவிடும். பல விஷயங்களில் அப்படி ஆகியிருக்கிறது. அதனால் எழுதவில்லை. அ, ஆ, இ மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்களில் யாரும் அந்த வீட்டில் குடியிருக்கவில்லை.

இங்கே மணி காலை ஏழே முக்கால், அங்கே மத்தியானம் ஒன்றேகால். அவளுக்குச் சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது.