எதிர்ப் பிளாட்பாரம்

...சாம்பல் நிறச் சட்டை, கறுப்புக் கைப்பை, தம்பி மனைவி ரமணி சொன்ன அடையாளம் இவ்வளவுதான், அதோ எதிர்ப் பிளாட்பாரத்துப் பெஞ்சில் இருப்பவர்தான் இராமலிங்கம், கோலாலம்பூரைத் தாண்டியுள்ள செந்தூலிலிருந்து வந்த வண்டியில் இறங்கி வெளியே போகாமல் நின்றவர் அவர் ஒருவர்தான்... தனலெட்சுமி தூணை ஒட்டி நின்றுகொண்டாள். பெண் பார்க்க வருகிறவரை வீட்டுக்கு அழைத்துப் பலகாரம் வைத்துத் தலை குனிந்து நிற்பதெல்லாம் இனி முடியாது என்று சொன்னது அவள்தான், ரமணியும் உடனே, "சரி அண்ணி, ஸ்டேஷன்லயே பாத்துப் பேசிக்குங்க, பிடிக்கலன்னா அடுத்த டிரேன்ல ஏறிப் போயிடுவாருலா" என்று சிரித்தாள். சிரிக்கிற விஷயமா? போன தடவை வந்தவர் அப்படித்தானே போனார், அப்போது இங்கே ஒரே பிளாட்பாரம், தகரக் கூரை, எதிரே வரும் கிள்ளான் வண்டி கடக்கும்வரை கோலாலம்பூர் வண்டி காத்துக் கிடக்கும், அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான், சொன்ன வயசுக்கு மேல தெரியுதே என்றாராம், வழியனுப்பப் போன தம்பியின் காதுபடவே... அந்த ஸ்டேஷனை இடித்தாயிற்று, இரட்டைத் தண்டவாளம், மேலே மின்கம்பி, மேம்பாலம், டிக்கெட்டை விழுங்கித் துப்பும் கதவு, கொம்யூட்டர் என்கிற மின்ரயில் ஓடத் தொடங்கி ஒரு வருஷமாகிறது, அந்தச் சொல்லை மட்டும் யாரும் இடிக்கவில்லை.

"என்னம்மா, வேல வுட்டு வந்துட்டு மறுபடியும் கே.எல். வண்டிக்கா?" கடலை விற்கும் நாகையா. தெரிந்தவர் ஒருவர் செந்தூலிலிருந்து வருகிறார் என்றாள். "அவங்க அந்தப் பக்கம்லா எறங்குவாங்க. இங்க நின்னு என்னா, கை காட்டவா?" தெரியும்ணே என்றாள். தெரியும்தான், அவளும் சற்றுமுன் அந்தப் பக்கம்தான் இறங்கினாள், வாசலும் அங்கேதான், பிறகு எதற்கு மேம்பாலம் ஏறி இங்கே வந்தாள், நிழலுக்கா, இந்த முறை தான் முதலில் பார்க்க வேண்டும் என்றா, பார்த்தாயிற்றே, போக வேண்டியதுதானே... அவர் கைக்குட்டையை எடுத்துப் பக்கத்து இருக்கையைத் துடைத்தார். படியிறங்கி வந்த யாரோ ஒரு பெண்ணைப் பார்த்துப் பாதி எழுந்தார், அவள் நிற்காமல் போனதும் உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்தார். அவருக்குமா இப்படி? அவரிடம் யார் என்ன சொன்னார்களோ...

கோலாலம்பூர் வண்டியின் சத்தம் கேட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பையை எடுத்தார், மேம்பாலத்துப் படியேறினார், வேகமாக. இவளைப் பார்த்துவிட்டாரா, இல்லை, வரமாட்டாள் என்று முடிவுகட்டிவிட்டாரா, ஊர் திரும்புகிறவர் இந்தப் பக்கம்தானே வர வேண்டும்... வண்டி நின்று கதவுகள் திறந்தன. அவளே ஏறிவிடலாம், இரண்டே எட்டு, யார் கேட்கப் போகிறார்கள்? தூணைவிட்டு வெளியே வந்திருந்தாள், எப்போது வந்தாள்? பாலத்தின் தடுப்புக்கு மேலே சாம்பல் நிறம் ஓடி வருகிறது, கதவுகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன, மூடேன், அவர் இறங்கி வந்து ஏறிவிடுவதற்குள் மூடித் தொலையேன் என்று அவள் வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.