கதவின் மேல் விருந்து

மொட்டை மாடியில் வெடித்த சத்தத்தில் என் கையிலிருந்த கிண்ணம் நழுவியது. பன்னிரண்டு எலுமிச்சைகளும் சாப்பாட்டு அறை முழுக்க உருண்டன.

அந்த எலுமிச்சைகளை யாரும் பிழியக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வீடு பார்க்க வருகிறவர்களின் கண்ணுக்காக வைத்தவை. குளியலறையில் தொங்கும் வெள்ளைத் துண்டில் முகம் துடைக்கக் கூடாது. அடுப்பில் பட்டை போட்டுக் கொதிக்கும் காபி வாசனைக்கு மட்டும்தான், குடிக்கக் கூடாது. பழைய வீட்டை வாங்கி, பழுது பார்த்து, லாபத்துக்கு விற்பது என் மனைவி தென்ச்சாவின் தொழில். அவளுக்குப் புருஷனாக இருப்பது என் தொழில். ஒழிந்த நேரத்தில் மெக்சிகோவின் கெரெத்தாரோ ஊர்க் கடைத்தெருவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிறேன்.

ஆறு வருஷத்தில் இது ஐந்தாவது வீடு. விற்கிற வரைக்கும் நாங்கள் அதற்குள்ளேயே குடியிருப்போம். எட்டு மாதம் தோட்டத்துக் குழாயில் பல் தேய்த்தேன். குளியல் தொட்டியில் பாத்திரம் கழுவினேன். வெள்ளை, எலும்பு வெள்ளை, பால் வெள்ளை என்று மூன்று வெள்ளை இருப்பதையும், அவற்றுக்காக ஒரு தம்பதி நான்கு நாள் பேசாமல் இருக்க முடியும் என்பதையும் இந்த வீட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் இதுதான் கடைசி. தென்ச்சா சத்தியம் செய்திருக்கிறாள். இது விற்றதும் மூன்றாவது மாடியில் ஒரு புத்தம் புதிய ஃபிளாட். லிஃப்ட் உண்டு. பூசி முடித்த சுவர்கள். சாகிற வரைக்கும் அங்கேயே. அதற்காக இன்று பன்னிரண்டு மணிக்கு மெக்சிகோ நகரத்திலிருந்து வரும் செனோரா கிரிசெல்தா என்ற அம்மாளுக்கு இந்த வீடு பிடித்தாக வேண்டும். மூன்று பேர் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இவருக்குப் பிறகு ஐந்தாவது ஆள் வரிசையில் இல்லை.

மறுபடியும் ஒரு வெடி. மாடிக்கு ஓடினேன்.

தண்ணீர்த் தொட்டியின் மேல் எங்கள் மேஸ்திரி தோன் நபோர் நின்றிருந்தார். ஊதாவும் மஞ்சளுமாகக் காகிதப் பூச்சுற்றிய ஒரு மரச் சிலுவையைக் கம்பி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே அவருடைய ஆட்கள் நான்கு பேர், தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில். அவர்களில் வாத்து என்று எல்லோரும் கூப்பிடுகிற சித்தாள் பையன் கையில் இன்னொரு வாணம் புகைந்துகொண்டிருந்தது.

"என்ன பண்றீங்க எல்லாரும்?"

"வாங்க இன்ஜினியரே!" என்றார் தோன் நபோர். ஒரே ஒரு முறை டேப்பைத் தலைகீழாகப் பிடித்து அளந்ததிலிருந்து நான் அவர்களுக்கு இன்ஜினியர். "மே மூணாம் தேதி. எங்க நாள். சிலுவை ஏத்த வேண்டாமா?"

"வேலைதான் போன சனிக்கிழமையே முடிஞ்சிடுச்சே!"

"யார் சொன்னது? சாப்பாட்டு அறைச் சுவர் பாக்கி இருக்கில்ல. வேலை பாக்கி இருக்கிற வீட்டுக்குச் சிலுவை உண்டு. சிலுவை இருந்தா சாப்பாடு உண்டு."

 இந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தவனே நான்தான். சிலுவைத் திருநாளன்று ஊரில் எந்தக் கொத்தனாரும் கரண்டியைத் தொடமாட்டான். தெருவே அமைதியாக இருக்கும். அந்த அம்மாள் ஒரு சுத்தியல் சத்தம்கூடக் கேட்காமல் வீடு பார்த்துவிட்டுப் போவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். வேலை செய்யாத கொத்தனார்கள் எங்கே போவார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

நான் கீழே ஓடி வந்தபோது தென்ச்சா வாசலில் வந்து இறங்கினாள். ஒரு கையில் துணியில் சுற்றிய சோள ரொட்டிகள், இன்னொரு கையில் கள்ளிப் பச்சடி. பின்னால் இரண்டு பேர் ஒரு செப்புக் கொப்பரையைத் தூக்கி வந்தார்கள். பொரித்த பன்றி இறைச்சியின் மணம் என் பட்டைக் காபியை ஒரே நொடியில் தோற்கடித்தது.

"தென்ச்சா, அந்த அம்மா இன்னிக்கு வராங்க!"

"சனிக்கிழமைன்னு சொன்னே?"

"மாத்திட்டேன். இன்னிக்கு யாரும் வேலை பார்க்க மாட்டாங்களேன்னு..."

"வேலை பார்க்க மாட்டாங்க ஃபெர்மீன். சாப்பிடுவாங்க. நீ இந்த ஊர்லதானே பொறந்தே?"

"திருப்பி அனுப்பிடலாமா?"

"மூணாம் தேதி அன்னிக்கு மேஸ்திரிய பசியோட அனுப்பினா, அப்புறம் இந்த ஊர்ல நமக்கு ஒரு செங்கல் எடுத்து வைக்க ஆள் கிடைக்காது."

"இதுதானே கடைசி வீடு? இனிமே செங்கல் எதுக்கு?"

அவள் ரொட்டிகளையும் பச்சடியையும் இறக்கி வைத்தாள். பிறகு என் கைப்பக்கம் பார்த்தாள். "என்னது இது, சட்டை கிழிஞ்சிருக்கு? இதோடவா அந்த அம்மாவை வரவேற்கப் போற?"

"பெட்டியில கட்டாம இருந்த நல்ல சட்டை இது ஒண்ணுதான். செவ்வாய்க்கிழமை கடைக் கதவு ஆணியில மாட்டிக்கிச்சு."

"கடைக் கதவுல ஏது ஆணி?"

நல்லவேளையாக வாத்து மூன்றாவது வாணத்தை விட்டான். வாணம் மேலே போய் வெடித்தது. அதோடு வாசல் மணியும் அடித்தது. செனோரா கிரிசெல்தா அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

அறுபது வயது இருக்கும். தட்டையான செருப்பு, கையில் நோட்டுப் புத்தகம், விரல்களுக்கிடையில் ஒரு நாணயம். கூடத்துக்குள் நுழைந்ததுமே நாணயத்தால் சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். எதையோ எழுதினார். வீட்டைப் புகழ ஆரம்பித்த என்னைக் கையமர்த்தினார்.

"வெடிச் சத்தம் கேட்டுச்சே?"

"திருவிழா. பக்கத்துத் தெருவுல," என்றேன்.

அப்போதுதான் முற்றத்தைப் பார்த்தேன். கொத்தனார்கள் சாரப் பலகை தாங்கும் இரண்டு மரக் குதிரைகளைப் போட்டு, அவற்றின் மேல் ஒரு பெரிய பலகையைக் கிடத்தி விருந்து மேசை தயார் செய்திருந்தார்கள். அந்தப் பலகை எனக்கு மிகவும் தெரிந்த பலகை. இந்த வீட்டின் பழைய வாசல் கதவு. அலங்காரப் பொருள் என்ற பெயரில் அதைச் சாப்பாட்டு அறைச் சுவரில் நான் சாய்த்து வைத்திருந்தேன்.

அலங்காரம் ஒன்றுமில்லை. அந்தச் சுவரில் ஓதம். உப்புப் பூத்து, காரை பொரிந்து, ஆளுயரத்துக்கு ஒரு தேசப்படம் போல விரிந்திருந்தது. அதை மறைக்கத்தான் கதவு.

"சாப்பாட்டு அறை அப்புறம் பாக்கலாம், முதல்ல மாடியில..." என்று நான் குறுக்கே போவதற்குள் அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். காலில் இடறிய எலுமிச்சையைக் குனிந்து எடுத்து, என் கையில் கொடுத்தார். சுவரைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக உதிர்ந்தது.

"இது என்ன?"

"அது... பழங்காலப் பூச்சு வேலைப்பாடு."

வாய் நிறைய இறைச்சியோடு வாசலில் நின்ற வாத்து புரையேறிச் சிரித்தான். அந்த அம்மாள் நோட்டுப் புத்தகத்தை மூடினார். மூன்றாவது மாடி ஃபிளாட்டின் லிஃப்ட் என்னை ஏற்றாமலே மேலே போவதைக் கண்ணெதிரே கண்டேன்.

"அது ஓதம், செனோரா," என்றார் தோன் நபோர். ஒரு கையில் சோள ரொட்டியில் இறைச்சி சுற்றிய டாக்கோ, இன்னொரு கையில் பீர். "கதவை வச்சு மூடாதீங்கன்னு இன்ஜினியர் கிட்ட நான்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். சுவருக்குக் காத்து வேணும்."

"பெயின்ட் அடிச்சா போயிடுமா?"

"ஒரு மாசம் போகும். அப்புறம் வட்டியோட வரும். முன்னே இருந்தவன் எவனோ கல்லுச் சுவருக்கு மேல சிமென்ட் பூசி வச்சிருக்கான். தண்ணி உள்ளேயே மாட்டிக்கிச்சு. வெளிப்பக்கம் அதை முழுசா கொத்தி எடுத்தாச்சு. இப்ப காயட்டும். ஜூலையில நானே வந்து சுண்ணாம்பு பூசுவேன்."

"மழையில மாடி ஒழுகுமா?"

"வாங்க காட்டறேன்."

தடுக்க நினைத்து முற்றத்தின் வழியாகக் குறுக்கே ஓடினேன். அதே நேரம் மேலே தோன் நபோர் தளத்தின் சரிவைக் காட்டுவதற்காக ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். தண்ணீர் அவர் சொன்னபடியே, ஒரு சொட்டுக்கூடத் தேங்காமல், நேராகத் தூம்புக்கு வந்து என் தலையில் விழுந்தது.

மேலேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். செனோரா கிரிசெல்தாவால் சிரிக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"பாத்தீங்களா செனோரா?" என்றார் தோன் நபோர் பெருமையாக. "இன்ஜினியரே சாட்சி."

தென்ச்சா குளியலறையிலிருந்து அந்த வெள்ளைத் துண்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். சட்டம் தளர்ந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். தலை துவட்டினேன். கையோடு எலுமிச்சைகளையும் பொறுக்கி, நறுக்கி, கொப்பரை பக்கத்தில் வைத்தேன். இனி எதைக் காப்பாற்ற?

ஒரு மணிக்கு அந்த அம்மாள் கதவு மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது டாக்கோ. கைகளில் கொழுப்புப் பிசுக்கு. நோட்டுப் புத்தகம் கொப்பரைக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு போடட்டுமா செனோரா?" என்றான் வாத்து. "தோல் நல்லா மொறுமொறுன்னு இருக்கு."

"போடு தம்பி. கொழுப்பை வெட்டாதே." பிறகு தென்ச்சாவின் பக்கம் திரும்பினார். "இதோட பன்னிரண்டு வீடு பாத்துட்டேன். பதினோரு வீட்டுலயும் போன வாரம் அடிச்ச பெயின்ட் வாசனை. உள்ள என்ன இருக்குன்னு கேட்டா, வெளிச்சம் நல்லா வருதுங்கறாங்க. இங்க சொல்றதுக்கு ஒரு ஆள் இருக்காரு." எலும்பால் தோன் நபோரைச் சுட்டினார். "ஜூலையில இவர் வந்து அந்தச் சுவரை முடிக்கணும். அதை எழுதிக் கொடுத்தா, நீங்க சொன்ன விலைக்கு எனக்குச் சம்மதம்."

"எழுத வேண்டாம் செனோரா," என்றார் தோன் நபோர். "சிலுவை மேல நிக்குது."

"எனக்கு எழுதணும்."

"அப்ப எழுதிடலாம்."

"இந்தக் கதவும் வீட்டோட சேர்த்திதானே?"

"சேர்த்திதான்!" என்று நானும் தென்ச்சாவும் ஒரே குரலில் சொன்னோம். எலும்பு வெள்ளை விவகாரத்துக்குப் பிறகு நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். வாத்து மிச்சமிருந்த வாணங்களை மொத்தமாகக் கொளுத்தினான்.

சாயங்கால பஸ்ஸில் செனோரா கிரிசெல்தாவை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். கொத்தனார்கள் பாடிக்கொண்டே போய்விட்டார்கள். தோன் நபோர் மட்டும் மொட்டை மாடியில் கடைசி பீரோடு சிலுவையின் நிழலில் உட்கார்ந்திருந்தார். தென்ச்சா கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தாள். பின்தெருவின் மூலையில் கூரை விழுந்த ஒரு வீடு உண்டு. அதன் சமையலறைக்குள்ளிருந்து ஒரு அத்தி மரம் வானத்தைப் பார்த்து எழுந்திருக்கும். அந்தத் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் நின்றாள். சத்தியம் செய்த நாளிலிருந்து, பார்த்தால் ஆசை வந்துவிடும் என்பதுபோல், அப்படித்தான் நிற்கிறாள்.

"ஜெயிச்சிட்டே ஃபெர்மீன்," என்றாள். "நாளைக்கே ஃபிளாட்டைப் போய்ப் பாத்துடலாம். எல்லாம் முடிச்சு வச்சிருக்காங்களாம். சுவர், தரை, குழாய். நாம ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம்."

"ஒரு ஆணிகூடவா?"

"ஒண்ணுகூட. நீ கேட்டது அதுதானே?"

தோன் நபோர் என்னைப் பார்த்தார். நான் பின்தெரு மூலையைப் பார்த்தேன். ஈரச் சட்டையின் கிழிந்த கையை மடித்து விட்டுக்கொண்டேன்.

"தென்ச்சா, இந்தச் சட்டை கிழிஞ்சது கடைக் கதவுல இல்ல... அந்த அத்தி மர வீட்டுல. அதோட சமையலறை நாலு மீட்டருக்கு அஞ்சு, நானே அளந்தேன்."