ரிசர்வ் கீப்பர்

மூன்று வருடத்தில் முதல் முறையாகக் கதிருக்கு ஒன்றாம் நம்பர் பனியன் கிடைத்த அன்று, எதிரணி வரவில்லை.

மணி மூன்றரை. போத்தனூரில் ரயில்வே குடியிருப்பை ஒட்டிய மைதானம். சுண்ணாம்புக் கோடுகள் அன்று காலையில் போட்டவை, இன்னும் யார் காலும் பட்டு அழியவில்லை. கதிரையும் சேர்த்துப் பதினொரு பேரும் அவரவர் இடத்தில் நின்றிருந்தார்கள். எதிர்ப்பாதி வெறிச்சென்று கிடந்தது. நடுவட்டத்தில் ரெஃப்ரி ஒரு காலைப் பந்தின் மேல் வைத்துக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்லூரிகளுக்கு இடையிலான அந்தக் கால்பந்துப் போட்டியில் விதி அப்படி. குறித்த நேரத்துக்கு ஓர் அணி வராவிட்டால், வந்த அணி பதினைந்து நிமிடம் ஆட்டத்துக்கு நிற்பதைப்போலவே மைதானத்தில் நிற்க வேண்டும். பதினைந்தாவது நிமிடம் ரெஃப்ரி விசில் ஊதிவிட்டால் நின்றவர்கள் ஜெயித்தவர்கள். ஓடாமல், வேர்க்காமல், ஒரு பந்தைக்கூட உதைக்காமல்.

வர வேண்டியவர்கள் பொள்ளாச்சிக் கல்லூரிக்காரர்கள். போன வருட சாம்பியன்கள். இந்த சீசனில் இரண்டு ஆட்டத்தில் ஒன்பது கோல் போட்டவர்கள். அவர்களை ஜெயித்தால்தான் செமி ஃபைனல் என்ற நிலையில் வந்து நின்றது கதிரின் கல்லூரி. அங்கே செமி ஃபைனலைக் கண்டு பதினொரு வருடம் ஆகியிருந்தது. நேற்றுவரை முகத்தில் ஈயாடாமல் திரிந்த பையன்களுக்கு இப்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. தடுப்பு வரிசையின் நடுவில் ஸ்டாப்பராக ஆடும் கேப்டன் சென்னியப்பன்தான் எல்லோரையும் அதட்டி நிறுத்தி வைத்திருந்தான். அவனுக்கு இது கடைசி வருடம். செமி ஃபைனல் ஆடும் அணிகளில் இருந்துதான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள். அதில் பெயர் வந்தால் போலீஸ் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மனுப் போடலாம் என்று அவன் ஊரில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான்.

கோலுக்குள் நின்ற கதிருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கதிரின் அணிக்குக் கீப்பர் என்றால் அது சுஃப்யான்தான். கோட்டைமேட்டுக்காரன். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. பந்து வரும் இடத்துக்குப் பந்துக்கு முன்னாலேயே போய்விடுகிற பேர்வழி. கதிர் மோசமான கீப்பர் ஒன்றும் இல்லை. சுஃப்யான் படிக்காத எந்தக் கல்லூரியில் சேர்ந்திருந்தாலும் முதல் வருடமே கோலுக்குள் நின்றிருப்பான். ஆனால் சேர்ந்தது இங்கே. ஒரு கோலுக்கு ஒரு கீப்பர்தானே. மற்ற இடத்துக்காரர்களுக்காவது, களைத்துப்போனவனை மாற்றி இன்னொருவனை இறக்குவார்கள். கீப்பர் களைப்பதில்லை.

ரிசர்வ் கீப்பரின் வேலை ஒரு விசித்திரமான வேலை. ஆட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் மெயின் கீப்பருக்குப் பந்து உதைத்துப் போட்டு உடம்பைச் சூடேற்றிவிட வேண்டும். ஆட்டம் தொடங்கியதும் பனியனுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே உட்கார வேண்டும். கதிர் உட்காரவும் மாட்டான். கோலுக்குப் பின்னால் வலையை ஒட்டி நின்றுகொள்வான். எதிரி உதைக்கிற ஒவ்வொரு பந்துக்கும் அவன் தோளும் அசையும், முழங்கால் மடங்கும். உள்ளே சுஃப்யான் வலப்புறம் பாய்ந்தால் வெளியே இவன் உடம்பும் வலப்புறம் சாயும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். மூன்று வருடத்தில் எண்ணிப் பார்த்தால் நூறு கோலாவது அவன் அந்த வலைக்கு இந்தப் பக்கம் நின்று தடுத்திருப்பான்.

ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. வெளியே சொல்லக் கூசுகிற ஆசை. ஏனென்றால் கதிர் ஆட வேண்டுமானால் சுஃப்யானுக்கு ஏதாவது ஆக வேண்டும். சுஃப்யானோ அவனுக்கு உயிர்ச் சிநேகிதன். பெருநாளைக்குப் பெருநாள் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட வைப்பவன். போன வருடம் ஓர் ஆட்டத்தில் சுஃப்யான் கம்பத்தில் மோதி விழுந்தபோது முதலில் ஓடியவன் கதிர்தான். மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஓடும்போதே உள்ளே ஒரு குரல் "இன்னைக்கு நீதான், இன்னைக்கு நீதான்" என்றது. அந்தக் குரலை அவன் காறித் துப்பியிருப்பான், துப்ப முடிந்திருந்தால். சுஃப்யான் எழுந்து, "இறுக்கிக் கட்டுடா, ஒன்னும் ஆவுல" என்றான். கதிர் அவன் கண்ணைப் பார்க்காமல் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு மறுபடி வலைக்குப் பின்னால் போய் நின்றான்.

வீட்டில் இன்னொரு தொல்லை. தொண்டாமுத்தூரில் அம்மா பாவாத்தாள் ஒவ்வொரு ஆட்டத்தன்றும் வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். தோப்பு வேலைக்குப் போய் வந்த களைப்பிலும் அதைக் கேட்காமல் விடமாட்டாள். "இன்னைக்குப் பந்து நெறைய வந்துச்சா கண்ணு?" முதல் வருடம் ஒருமுறை உண்மையைச் சொன்னான். "நீ போவங்காட்டியும் வேற ஆள நிக்க வெச்சுப்போட்டாங்களா?" என்று அவள் கேட்ட விதத்தில், கல்லூரியே தன் மகனுக்குத் துரோகம் செய்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டது தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் பஸ் ஏறும் முன் மைதானத்து மண்ணை முழங்கையிலும் கால்சட்டையிலும் தேய்த்துக்கொள்ள ஆரம்பித்தான். அவள் அந்த அழுக்கைக் கல்லில் அடித்துத் துவைக்கும்போது பக்கத்து வீட்டு மாரியாத்தாள் அக்காவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பது உள்ளே படுத்திருக்கும் அவன் காதில் விழும். அப்போதெல்லாம் செத்துப்போகலாம் போல இருக்கும்.

இப்படியே மூன்றாம் வருடமும் ஓடிவந்து, லீக் சுற்றின் கடைசி ஆட்டத்தில் நின்றது. போன ஆட்டத்தில் சுஃப்யான் ரெஃப்ரியோடு வாக்குவாதம் செய்து இந்த சீசனின் இரண்டாவது மஞ்சள் அட்டையை வாங்கினான். ஓர் ஆட்டம் வெளியே உட்கார வேண்டும். பி.டி. மாஸ்டர் ஐயாசாமி சார் அறையில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாசலில் நின்ற கதிரைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு, "உம்… நீ நில்லு தம்பி. பாத்துக்கலாம்" என்றார். பாத்துக்கலாம் என்ற சொல்லில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று கதிர் ஆராயப் போகவில்லை. நான்கு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் இந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்படி வந்த நாளில்தான் எதிரே ஆளைக் காணோம்.

"பத்து நிமிசம் ஆச்சு!" என்று கோட்டுக்கு வெளியே இருந்து ஐயாசாமி சார் கூவினார். குரலில் இளமை திரும்பியிருந்தது.

கதிர் குனிந்து கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டான். விசில் ஊதினால் ஸ்கோர் தாளில் கீப்பர் என்ற இடத்தில் அவன் பெயர் இருக்கும். மூன்றாம் வருடம், ஓர் ஆட்டம், வெற்றி. செமி ஃபைனலுக்கு சுஃப்யான் திரும்பிவிடுவான். நாளைக்கு யார் கேட்டாலும் நானும் ஆடினேன் என்று சொல்லிக்கொள்ளலாம், பொய்யும் ஆகாது. மண்ணைத் தேய்த்துக்கொண்டு போன அந்த நாட்களைப்போலத்தான் இதுவும் என்று தோன்றியது. ஒரே ஒரு பந்து போதும் என்று வேண்டிக்கொண்டான். கோலே விழுந்தாலும் சரி, ஒரு பந்து.

செய்ய ஒன்றும் இல்லாததால் திரும்பி வலையைப் பார்த்தான். வலைக்குப் பின்னால், மூன்று வருடமாக இவன் நின்ற இடத்தில், இன்று சுஃப்யான் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் மைதானத்தின் சுற்றுச்சுவர். அதில் ஓரிடம் இடிந்து, ஆள் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருந்தது. கோல் வாயிலில் நின்று பார்த்தால் அந்தச் சந்து வழியே சாலை இறங்கி ரயில்வே கேட் வரை போவது தெரியும். கேட் மூடியிருந்தது. சிக்னல் கிடைக்காத கூட்ஸ் வண்டி ஒன்று கேட்டை அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. போத்தனூரில் இது புதிதில்லை. அந்த கேட்டில் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குத் தாமதமான மாப்பிள்ளைகளே உண்டு.

கூட்ஸ் வண்டியின் இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலிருந்து மஞ்சளாக ஒன்று குதித்தது. பின்னாலேயே இன்னொன்று. மஞ்சள் பனியன்கள். பூட்ஸைக் கயிறு முடிந்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, தார்ச்சாலையில் மேடேறி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். வேன் அந்தப் பக்கம் நின்றுவிட்டிருக்க வேண்டும். ஏழு, எட்டு, ஒன்பது பேர் வரை எண்ணினான்.

கதிரின் பார்வை போன திசையில் சுஃப்யானும் திரும்பினான். பார்த்தான். உடனே இந்தப் பக்கம் திரும்பிச் சந்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"பாக்காதடா" என்றான் தாழ்ந்த குரலில். "இன்னும் மூணு நிமிசம். அவங்க சுத்திக்கிட்டு மெயின் கேட்டுல நொழையறதுக்குள்ள முடிஞ்சிரும். முன்னால திரும்பி நில்லு."

கதிர் முன்னால் திரும்பினான். சென்னியப்பனின் அகலமான முதுகு தெரிந்தது. போன மாதம் அவன் தன் பழைய பூட்ஸை இவனுக்குக் கொடுத்திருந்தான், கேட்காமலே. அந்தப் பக்கம் சார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ரெஃப்ரி பந்திலிருந்து காலை எடுத்துவிட்டு விசிலைக் கையில் பிடித்தார். எல்லோருமே எதிர்ப்பாதியைப் பார்த்து நிற்கிறார்கள். அவனுக்கும் சுஃப்யானுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. சும்மா நின்றால் போதும். சும்மா நிற்பதில் அவனை மிஞ்ச அந்தக் கல்லூரியில் ஆள் இல்லை.

"வாராங்க சார்!"

தன் குரல்தான் என்று புரிய அவனுக்கே ஒரு நொடி பிடித்தது. கையை உயர்த்திக்கொண்டு கோலைவிட்டு முன்னால் ஓடியிருந்தான். "வாராங்க சார்! கேட்டுல மாட்டிக்கிட்டாங்க சார், ஓடி வாராங்க! அங்க பாருங்க!"

ரெஃப்ரி நடந்து வந்து சந்து வழியே பார்த்தார். முதல் பையன் இவன் சத்தம் கேட்டு மெயின் கேட்டை விட்டுவிட்டுச் சந்துக்குள்ளேயே நுழைந்து, மூச்சு வாங்க, "சார், சார்" என்று கும்பிட்டான். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்தார். பதின்மூன்றரை நிமிடம். விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதிரின் தோளில் தட்டினார். "உன்னையாட்டம் பசங்க இருக்கறவரைக்கும் இந்த வெளையாட்டுக்கு ஒன்னும் ஆகாதுப்பா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கதிருக்கு நிற்க இடம் இல்லாமல் போயிற்று.

ஐயாசாமி சார் அருகே வந்து வாயைத் திறந்தார். ரெஃப்ரி பக்கத்திலேயே நின்றதால், "சரி… நல்லதுதான" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பத்தடியில் அவருக்குப் பத்து வயது கூடிவிட்டது.

சென்னியப்பன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஏன்டா கதிரு, மூணு நிமிசம் வாய மூடிக்கிட்டு நிக்க முடியலியா உனக்கு?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவனாகக் கேட்டான். மூன்று வருடம் மூடிக்கொண்டு நின்ற வாய்தான் அது. கதிர் கோலுக்குத் திரும்பி நடந்தான். மஞ்சள் பனியன்கள் எதிர்ப்பாதியில் உட்கார்ந்து அவசர அவசரமாக பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். காலியாக இருந்த இடம் நிறைந்ததைப் பார்க்க, இத்தனை அவமானத்துக்கு நடுவிலும், அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

வலைக்குப் பின்னாலிருந்து சுஃப்யான் கேட்டான். "ரெஃப்ரி சொன்னாரே, அதுக்காகவா கூப்புட்ட?"

"இல்ல."

"பின்ன?"

"எனக்காகத்தான்."

சுஃப்யானின் விரல்கள் வலையைப் பிடித்திருந்தன. அவனுக்கு ஒரு செமி ஃபைனல் போய்க்கொண்டிருந்தது, அதுவும் படிப்பின் கடைசி வருடத்தில். பிறகு வலையை விட்டுவிட்டு, கோட்டோரமாக நடந்து தூரத்தில் மற்ற பையன்களோடு போய் உட்கார்ந்துகொண்டான்.

ஆட்டம் தொடங்கி நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. பொள்ளாச்சியின் ஒன்பதாம் நம்பர் இடது ஓரத்தில் பந்தை வாங்கினான். வலது பேக்காக நின்ற பையனை ஏமாற்றிவிட்டு உள்ளே வெட்டினான். சென்னியப்பன் காலை நீட்டினான், கிடைக்கவில்லை. பதினைந்து கஜத்தில் ஒன்பதாம் நம்பருக்கும் கதிருக்கும் நடுவே யாரும் இல்லை. அவன் கால் பின்னால் போனதைக் கதிர் பார்த்தான். அதற்குப் பிறகு எதையும் யோசிக்கவில்லை. இடப்பக்கம் பாய்ந்தான். பந்து நெஞ்சில் வந்து விழுந்தது. கைகள் தாமாகச் சுற்றி மூடிக்கொண்டன. தோள் தரையில் மோத, புரண்டு, மண்டியிட்டு, எழுந்து நின்றான். பந்து கைக்குள் இருந்தது.

வெயிலில் கிடந்த தோல், சுட்டது. சுண்ணாம்பும் மண்ணும் ஒட்டியிருந்தன. இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. பயிற்சியில் ஆயிரம் முறை பிடித்த பந்துதான்.

"விடுடா! அடிச்சு விடுடா!" சென்னியப்பன் கையைக் காட்டிக்கொண்டே முன்னால் ஓடினான். பையன்கள் எதிர்ப்பாதியை நோக்கிச் சிதறினார்கள். சார் கோட்டுக்கு வெளியே குதித்தார். "கதிரு, பந்த வுடு!" அந்தப் பக்கம் சுஃப்யான் எழுந்து நின்றுவிட்டான், அவன் வாயும் ஏதோ கத்துவது தெரிந்தது.

கதிர் ஓரடி வைத்தான். இரண்டாவது அடி. மூன்றாவது. அந்நாளைய விதிப்படி நான்கு அடிக்குமேல் பந்தோடு நடக்கக் கூடாது, அதற்குள் விட்டாக வேண்டும், நேரம் கடத்தினாலும் எதிரிக்கு ஃப்ரீ கிக். எல்லாம் அவனுக்குத் தெரியும். அவன், வேண்டிக்கொண்ட அந்த ஒரு பந்தை, இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு நின்றான். பாக்ஸுக்கு வெளியே ரெஃப்ரி கையிலிருந்த விசிலை மெல்ல வாயருகே கொண்டுபோனார்.