கருவிக்குத் தென்படாதது

அலுவலகத்தில் அவளைச் 'சல்லடை' என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. தோட்டங்களில் அடிக்கிற பூச்சி மருந்து பறித்த பழத்திலும் காயிலும் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று ஆய்வகங்கள் பார்த்து அனுப்பும். அதைத் தினமும் தின்றால் உடம்பில் எவ்வளவு சேரும் என்று வேறொரு பிரிவு கணக்குப் போடும். அப்படிக் கணக்குப் போட ஆய்வக முடிவுகள் போதுமா, போதாதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை.

அன்று வந்தது ஆப்பிள் கோப்பு. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. எந்தப் பழத்தை எடுத்தாலும் நேரே 'தென்படவில்லை'. கணக்குப் பிரிவில் அதைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு மளமளவென்று முடித்துவிடுவார்கள். சோதித்த கருவி எவ்வளவு சின்ன அளவு வரை பார்க்கும் என்று அவள் தேடினாள். அங்கேதான் இடறியது. பெரியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் கைக்குழந்தைக்கு உடம்பு இத்தனூண்டு, சாப்பாட்டில் பாதி ஆப்பிள் மசியல். கருவியின் கண்ணுக்குத் தப்பும் அந்தத் துளியே குழந்தைக்கு அதிகமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இந்த முடிவுகளை வைத்துக்கொண்டு எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். கையெழுத்து அவள் தங்கையுடையது.

தங்கையின் ஆய்வகத்துக் கோப்புகள் எப்போதும் பக்கத்து மேசைக்குத்தான் போகும். இது எப்படியோ வழிதவறி வந்துவிட்டது. சொந்தம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம், விதியும் அதுதான். ஆனால் பக்கத்து மேசைக்காரருக்குப் பெயரே 'சரி சார்'. டீ ஆறுவதற்குள் 'போதும்' என்று முத்திரை குத்திவிடுவார். வாயை மூடிக்கொண்டு தானே எழுதலாம் என்றால், நாளைக்குத் தெரியவரும்போது அவள் எழுதிய எதுவும் செல்லாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

அவள் குடியிருந்தது மாடியில், தங்கை அதே வீட்டின் கீழ்த்தளத்தில். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி அதிக நாள் ஆகவில்லை. சாயங்காலம் அவள் உள்ளே நுழைந்தபோது தங்கை குழந்தையை மடியில் போட்டு, கடையில் வாங்கிய கண்ணாடிக் குப்பியிலிருந்து ஆப்பிள் மசியலை ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

கோப்பைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. "உங்க மெஷின் இன்னும் அந்தப் பழசுதானா?"

தங்கையின் கரண்டி பாதியில் நின்றது. ஆப்பிள் கோப்பு உன்னிடமா வந்தது என்று கேட்டாள். அக்கா குனிந்து குழந்தையின் வாயோரத்தைத் துடைத்தாள். அதுவே பதிலாகிவிட்டது.

தங்கை குரலை உயர்த்தாமல் பேசினாள். புதுக் கருவி வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம், இருப்பதை வைத்து ஓட்டு என்றார்கள். இப்போது அக்கா 'போதாது' என்று எழுதினால் கருவியை யாரும் குறை சொல்லப்போவதில்லை, கையெழுத்துப் போட்ட தன்னைத்தான் சொல்வார்கள். தனக்குக் கீழே ஒப்பந்தத்தில் இருக்கும் பெண்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

"நான் பொய் எழுதலக்கா. தென்படலன்னுதான் எழுதினேன்."

"தென்படலன்னு எழுதினா, அவங்க இல்லன்னு படிக்கிறாங்கடி."

"அது என் தப்பா?"

அது அவள் தப்பில்லை. தங்கையின் பார்வை கையிலிருந்த குப்பிக்குப் போனது. மூடியை எடுத்து இறுக்கி மூடினாள். குழந்தை சிணுங்கியது. சற்று நேரம் பார்த்துவிட்டு மறுபடி திறந்தாள்.

"வேற எதைக் குடுக்கறது? எல்லாத்தையும் இதே மெஷின்லதான பாத்திருக்கு."

மறுநாள் அவள் அலுவலகம் போனதும் முதல் காரியமாகக் குறிப்பை எழுதினாள். பெரியவர்களுக்குப் போதும், கைக்குழந்தைகளுக்குப் போதாது. அதன் கீழேயே, ஆய்வக முடிவில் கையெழுத்திட்டவர் என் உடன்பிறந்தவள், எனவே கோப்பைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதிப் பதிவுக்கு அனுப்பினாள். பதிவில் ஏறியதை யாரும் எடுத்துவிட முடியாது. அதற்குப் பிறகுதான் மேலதிகாரியின் அறைக்குப் போனாள். முடிவெடுக்கும் குழு கூடப்போகிறது, போதும் அல்லது போதாது, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள், பாதிக் கிணறு தாண்டக் கூடாது என்றார் அவர். தங்கை விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கோப்பைப் பக்கத்து மேசைக்குத் தள்ளச் சொன்னார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

மதியம் 'சரி சார்' கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி அவள் மேசைக்கு வந்தார்.

"இதை ஏம்மா என் தலையில கட்டின? நீ எழுதாம இருந்திருந்தா நான் பாட்டுக்குப் போட்டுட்டுப் போயிருப்பேன். இப்ப சரின்னு போட்டா நாளைக்கு என் கழுத்துக்கு வரும். தப்புன்னு போட்டா இன்னிக்கே வரும்."

அவரை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. அவள் மன்னிப்புக் கேட்டாள். மனதாரத்தான் கேட்டாள். அவர் முத்திரையை எடுப்பதும் வைப்பதுமாக உட்கார்ந்திருந்துவிட்டு, அலுவலகம் காலியாகும் வேளையில் அவள் குறிப்பின் கீழே 'ஏற்கிறேன்' என்று கோணல்மாணலாக எழுதினார்.

குழு கணக்கில் குழந்தைகளுக்கான பகுதியை நிறுத்திவைத்தது. நுணுக்கமான கருவி உள்ள வேறு ஆய்வகத்தில் மறுபடி பார்க்கச் சொன்னது. ஆனால் பழைய மாதிரிகளை எப்போதோ கொட்டிவிட்டிருந்தார்கள். புதுப் பழம் அடுத்த பருவத்தில்தான் வரும். அந்த வருஷக் குழந்தைகள் எதைத் தின்றார்கள் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தடை எதுவும் இல்லாததால் குப்பிகள் கடையில் அப்படியே அடுக்கியிருந்தன.

தங்கை பயந்தபடியேதான் நடந்தது. ஒப்பந்தப் பெண்கள் போனார்கள். அவளை ரசாயனக் கிடங்குக்கு மாற்றினார்கள். அதிலிருந்து அவள் அக்காவிடம் நேராகப் பேசுவதில்லை. எதுவானாலும் குழந்தை வழியாகத்தான்.

"கேளுடி செல்லம், உன் பெரியம்மாவைக் கேளு. கடையில எதை வாங்கறதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்."

"எனக்கும் தெரியாதுடி," என்றாள் அவள்.

தங்கை முகத்தைப் பார்க்காமலே குழந்தையை அவள் கையில் திணித்துவிட்டுப் பால் காய்ச்ச உள்ளே போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை. குழந்தை தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிப்போனது. கீழே கிடத்தினால் விழித்துக்கொள்ளும். தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகவும் மனம் வரவில்லை. அவள் நடுக்கூடத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.