நீர் மாத்திரை

ஆட்டோ காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது ஜோதி தன் கணவரை, கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்கும் ரங்கசாமி கண் திறக்கவில்லை. காலையிலிருந்தே பேச்சு குழறிக்கொண்டிருந்தது.

நேற்று வைகுண்ட ஏகாதசி. இதயம் பலவீனமாக இருக்கிறது, தண்ணீரைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்ததில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பெருமாளும் டாக்டரும் ஒரே கட்சி என்று உத்தர வீதி முழுக்கச் சொல்லிவிட்டு, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் விரதம் இருந்தார். கால் வீக்கத்துக்காக, உடம்பு நீரைச் சிறுநீராகப் பிரித்து வெளியேற்றும் நீர் மாத்திரையை மட்டும் எச்சிலோடு விழுங்கினார். பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேண்டாமா? சாயங்காலம் சொர்க்கவாசல் வரிசையில் நிற்கும்போதுதான் ஒரு வாய் தண்ணீர் கேட்டார். பாட்டில் ஜோதியின் பையிலேயே இருந்தது. இவ்வளவு நேரம் இருந்துவிட்டு இப்போது கெடுத்துக்கொள்வானேன் என்று அவள்தான் தடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அனிஷா, கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்று கேட்டார். நேற்று கோயிலுக்குக் கிளம்புமுன் போனதுதான் என்றாள் ஜோதி.

"ஹார்ட்டுக்கு ஏற்கெனவே தள்ளுற சக்தி கம்மிம்மா. இப்ப உடம்புல தண்ணியும் வத்திப்போச்சு. கிட்னிக்கு ரத்தம் போகல."

"அப்ப தண்ணி ஏத்திடுங்க டாக்டர்."

"வேகமா ஏத்தினா ஹார்ட் தாங்காது, நுரையீரல்ல கோத்துக்கும். மூச்சு வாங்குதான்னு நீங்களும் பாத்துக்கிட்டே இருங்க. யூரின் இறங்கலன்னா டயாலிசிஸ்தான்."

சலைன் மெல்ல மெல்லச் சொட்டியது. கட்டிலுக்கடியில் தொங்கிய சிறுநீர்ப் பை காலியாகவே இருந்தது. அதைப் பார்த்தால் வேகமாக ஏற்றச் சொல்லத் தோன்றியது. அவர் மூச்சைக் கேட்டால் நிறுத்தச் சொல்லத் தோன்றியது. ஒருத்திக்கு ஊற்றினால் இன்னொருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஓரகத்திகள் மாதிரி, இந்த மனுஷனுக்குள் இத்தனை பேரா? அந்த ஒரு வாயைக் கொடுத்திருக்கலாம் என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

பொழுது சாயும்போது அவர் உதடு அசைந்தது.

"தண்ணி."

குடிக்கக் கொடுக்கக் கூடாது, உதட்டை வேண்டுமானால் நனைக்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஜோதி பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டில் வைத்தாள். அவர் கண்ணைத் திறக்காமலே அதைப் பல்லால் கவ்விக்கொண்டு உறிஞ்சினார்.

பஞ்சின் மறு நுனி அவள் விரலில் இருந்தது. அவள் இழுக்கவில்லை, விடவும் இல்லை. குனிந்து, அவர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.