ரீமின் இரு தந்தையர்

1

இக்கதை என் பிழையிலிருந்து பிறந்தது. முப்பத்தோர் ஆண்டுகள் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத் தமிழ்ப் பாடசாலையில் பிறர் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டவன் நான். ஆதலால் அந்த முதல் வாக்கியத்தை எழுதவே நான்கு நாள் பிடித்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'போரின் கொடுங்கரங்கள் ஒரு பாலஸ்தீனனை…' (நிறுத்திவிட்டேன். போர் துரத்தியது மெய். ஆனால் சுஹைல் எங்கள் மாடிப்படியில் விசிலடித்துக்கொண்டே ஏறுபவன்.)

2

ஆகவே நேராகச் சொல்கிறேன். சுஹைல் நஜ்ஜார் எங்கள் மேல்மாடிக்காரன். அவன் பாட்டனார் பாலஸ்தீனத்து ஹைஃபாவிலிருந்து விரட்டப்பட்டவர். இவன் சிரியாவில் பிறந்தும் சிரியக் குடிமகன் அல்லன். அங்கும் போர் வந்தது, இங்கே வந்தான். தமிழ் உணவகமொன்றில் கொத்துரொட்டி போடுகிறான். தமிழையும் அங்கேயே கற்றான். (அந்தத் தமிழைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம். எழுதமாட்டேன்.)

அவனுக்கும் மனைவி ஹனானுக்கும் ஆறு மாதங்களுக்கு முன் ரீம் பிறந்தாள். வெளிநாட்டவர் அலுவலகத் தாளில் அவளுடைய குடியுரிமைக்கு எதிரே 'தெளிவற்றது' என்றிருக்கிறது. அதை 'நாடற்றவள்' என்று மாற்றினால், சட்டப்படி இங்கு ஐந்தாண்டு வாழ்ந்தபின் ஜெர்மன் குடியுரிமை கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. தெளிவற்றவளுக்கு அது இல்லை. குழந்தைக்கு ஒரு நாடு கிடைக்க, நாடே இல்லையென்று முதலில் நிறுவ வேண்டும்! (இவ்விடத்தில் ஒன்றரைப் பக்கம் சினந்திருந்தேன். என் மனைவி புஸ்பவதி வாசித்துவிட்டுக் கிழித்தாள்.)

3

"மாஸ்டர், உந்த அன்ட்ராக்கை நீங்களே நிரப்பித் தாங்கோ. உங்கட கையெழுத்து அச்சு மாதிரி," என்றான் சுஹைல்.

புகழ்ச்சிக்கு மயங்கினேன். அன்ட்ராக் என்பது ரீமை 'நாடற்றவள்' என்று மாற்றக் கேட்கும் விண்ணப்பம். அதில் தந்தையின் குடும்பப்பெயர்க் கட்டம் வந்ததும், சற்றும் யோசியாமல் அவன் தகப்பனார் பெயரை எழுதினேன்: கலீல். குழந்தையின் குடும்பப்பெயர்: சுஹைல். நம்மவர் வழக்கம் அதுதானே? நான் தம்பித்துரையின் மகன் மகேந்திரராஜா. என் குடும்பப்பெயர் தம்பித்துரை. என் மகள் நிருபமாவின் குடும்பப்பெயர் மகேந்திரராஜா. நாற்பது ஆண்டுகளாக எம்மவர் குடும்பங்களுக்கு அப்படியே நிரப்பிக் கொடுத்த கை தானாக ஓடிவிட்டது. சுஹைலும் பாராமலே ஒப்பமிட்டான்.

அவனுடைய மற்றெல்லாத் தாள்களிலும் இருப்பதோ நஜ்ஜார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. சுஹைல் கலீல் என்பவர் யார்? தந்தையின் அடையாளம் ஐயத்துக்குரியது. நேரில் விளக்கம் தராவிடில் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

"நாடில்லாத மனுசனுக்கு ஒரு இரட்டைச் சகோதரத்தையும் பெத்துக் குடுத்திட்டியள்," என்றாள் புஸ்பவதி.

சுஹைல் சிரித்தான். "மற்றச் சுஹைலுக்கு நாடு இருக்குதோ எண்டு கேளுங்கோ மாஸ்டர். இருந்தால் நான் அவனாவே இருக்கிறன்."

ஹனான் சிரிக்கவில்லை. (அவளைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அது அவளுடைய அச்சத்தை அழகாக்கிவிட்டது. நீக்கினேன்.)

4

முடிவு அ: அதிகாரி வாய்விட்டுச் சிரித்து முத்திரை குத்துகிறார். (நம்பமாட்டீர்கள்.)

முடிவு ஆ: மறுக்கிறார். நான் வழக்குத் தொடுக்கிறேன். (எனக்கு வயது எழுபத்தெட்டு. கதை என்னைவிட நீளும்.)

முடிவு இ: அலுவலகத்துக்கு நான் எழுதும் மூன்று பக்கக் கண்டனக் கடிதத்தில்…

"கடிதம் வேண்டாம். கடிதத்தில நீங்கள் வாதாடுவியள்," என்றாள் புஸ்பவதி. "நேர போய் உங்கட வாயால பிழை எண்டு சொல்லுங்கோ."

"நானா?"

"ஓம், நீங்கள்தான். நிருபமான்ர பாஸ்போட்டையும் கொண்டு போங்கோ. தகப்பனுக்கும் மகளுக்கும் ஏன் வேற வேற பேர் எண்டு அதைப் பாத்தால் விளங்கும்."

ஆகவே மூன்று பக்கத்தையும் அடித்துவிட்டு ஒரே வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன்: 'பிழை என்னுடையது.' ஜெர்மனிலும் அது சிறிய வாக்கியந்தான். சொல்லத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

5

தெர்மின், அதாவது அலுவலகம் குறித்துத் தந்த சந்திப்பு, வியாழக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு. இக்கதையை முடிக்கும் அதிகாரம் எனக்கில்லை. அது அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஓர் அறைக்குள் அமர்ந்திருக்கிறது. அவ்வறைக்கு வெளியே நான்கு நாற்காலிகள் உள்ளன. நேற்றே போய்ப் பார்த்து வந்தேன். சுஹைல், ஹனான், நான். ரீம் மடியில்.

வாசகரே, ஒன்று மிஞ்சுகிறது. ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள்.